விகாரம் அண்ணன் காட்டிய ஸ்தூபி

மலேசியாவில் கோலசிலாங்கூரிலிருந்து சபாக் வரை உள்ள தோட்டங்களில், ஆயிரம் வருஷத்துக்கு முன்பு இறந்துபோன பிக்குகளோடு தினசரிப் பழக்கம் வைத்திருந்த ஒரே லோரி டிரைவர் விகாரம் அண்ணன்தான்.

முகத்தைப் பார்த்து வைத்த பெயரல்ல. முகம் லட்சணமாகவே இருக்கும். வடக்கே கெடா மாநிலத்தில், பூஜாங் பள்ளத்தாக்கில், பழைய பௌத்த விகாரமும் ஸ்தூபியும் இடிந்து கிடக்கின்றன என்று இருபது வருஷம் பேசிப் பேசி வாங்கிய பெயர். ஒரு கல்யாணத்தில் யாரோ, “விகாரம் வந்துட்டாரு, நாக்காலி போடுங்க” என்று சொல்ல, பெண்ணின் அம்மா, “பெரிய மனுசன இப்படியா சொல்லுவீங்க?” என்று சண்டைக்கு வந்துவிட்டார். அண்ணன் அவரை உட்காரவைத்து விளக்கம் சொன்னார். அது முடிவதற்குள் தாலி கட்டியாகிவிட்டது, அந்த அம்மா பார்க்கவில்லை.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் எடைக் கணக்கு எழுதும் கிராணி. ஒரு நாள் அவருடைய லோரியில் பழக்குலைகள் கோபுரம் மாதிரி வட்டமாக ஏறியிருந்தன.

“என்னண்ணே இது?”

“ஸ்தூபி இப்படித்தான் லா இருக்கும், தம்பி. சும்மா சொன்னா ஒனக்குப் புரியல.”

இறக்கும்போது ஸ்தூபி சரிந்தது. ஆலை அரை மணி நேரம் நின்றது. எனக்குப் புரிந்தது.

ஓய்வு பெற்ற மறு மாதமே எங்களை அழைத்துப்போக வாடகைக்கு ஒரு பஸ் பிடித்தார். “ரொம்பப் பழைய கோயில்” என்றுதான் சொன்னார், அது பொய்யில்லை. முப்பது பேர் கிளம்பினோம். பெண்கள் தேங்காயும் பூவுமாக வந்தார்கள். பஸ் டிரைவர் கைப்பேசியில் வழி பார்க்கப் போனதற்கு, “எனக்கே வழியா?” என்று அண்ணன் கோபித்துக்கொண்டார். இரண்டு முறை வழி தப்பினோம்.

கடைசியில் இறங்கினால், முழங்கால் உயரத்தில் செங்கல் வரிசை.

“கோயில் எங்கண்ணே?” என்றார் அஞ்சலை அக்கா. காலமெல்லாம் தோட்டத்து ரப்பர் மரங்களில் பால் வெட்டியவர், குரலுக்கு மைக் வேண்டாம்.

“இதான்மா.”

“கூரையக் காணோம், செவுத்தக் காணோம். இதுக்கா விடியக்காலையில எழுந்து புளிச்சோறு கட்டுனேன்?”

“ஸ்தூபி அந்தப் பக்கம் இருக்கு, வாங்க” என்று அண்ணன் வேகமாக நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். கழிப்பறை வந்தது. திரும்பி வேறு பக்கம் போனார், வேலி வந்தது. வெயிலில் முப்பது பேர் நின்றோம். எனக்குச் சந்தேகம் வந்து அவர் பக்கத்தில் போய்க் கேட்டேன்:

“அண்ணே, கடைசியா எப்ப வந்தீங்க?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “வந்ததில்ல, தம்பி.”

“ஒரு தடவகூடவா?”

“எல்லாம் பேப்பர்ல படிச்சதுதான். படிச்சிச் சொன்னா ஒங்க அண்ணி ஆசையாக் கேப்பா. அப்புறம் அவளுக்குக் கிட்னி போச்சி. வாரம் மூனு நாளு ஆஸ்பத்திரி. நல்லாகட்டும், ரெண்டு பேருமா போவோம்னு இருந்தேன்.”

அண்ணி இறந்து எட்டு மாதம். சாவு வீட்டுக்கு வந்தவர்களிடமும் அவர் ஸ்தூபியைப் பற்றியே பேசினார் என்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

அண்ணன் சொன்னது அஞ்சலை அக்கா காதிலும் விழுந்திருக்க வேண்டும். நேராக வாசல் காவலாளியிடம் போய், தனக்குத் தெரிந்த மலாய் மொழியில் வழி கேட்டு வந்தார். “வாங்கண்ணே, அந்த மரத்துக்குப் பின்னாலயாம்.”

வட்டமான செங்கல் மேடு, சுற்றிலும் கயிறு. அவ்வளவுதான். இருபது வருஷம் வாய் ஓயாதவர் செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றுக்கு வெளியே மெதுவாகச் சுற்றி வர ஆரம்பித்தார். அஞ்சலை அக்கா பூவை எடுத்துக்கொண்டு பின்னால் போனார். பிறகு எல்லாரும் போனோம், புளிச்சோற்று வாளி உட்பட.

இரண்டாவது சுற்றில் நான் முன்னே போய் அவருக்குப் பக்கத்தில் நடந்தேன். அந்த இடம் காலியாக இருக்க வேண்டாம் என்று தோன்றியது.