சௌல்தாரி மேட்டுக்கு ஒரு சிலிண்டர்

சௌல்தாரி,
இரவு 11.45

அன்புள்ள சுதாகர் அண்ணனுக்கு,

தங்கை ரூபா எழுதுவது. இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள். பக்கத்து வீட்டு ரெங்கம்மா அக்கா காலைக் கப்பலில் இந்தத் தீவிலிருந்து சென்னை போகிறார். அங்கிருந்து கோயம்புத்தூரில் உன் பட்டறைக்கே வந்து இதைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். போனில் சொல்ல வழியில்லை. நான் உன்னோடு பேச ஆரம்பித்தாலே உன் மாப்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "மச்சான்கிட்ட வெட்டா டிரையான்னு கேளு" என்கிறார். நீ, அண்ணி, பிள்ளைகள் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் மூன்று பேரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதப் போன கை கொஞ்சம் தயங்குகிறது.

எல்லாவற்றுக்கும் நீதான் காரணம். போன லீவில் நாங்கள் கோயம்புத்தூர் வந்தபோது அவரை உன் பட்டறையில் நின்ற அந்த நீல ரேஸ் காரில் ஏற்றி ஸ்விட்சைத் தட்டிக் காட்டினாயே, நைட்ரஸ் வாயு உள்ளே போனதும் வண்டி பாய்ந்து அவர் பின்மண்டை சீட்டில் இடித்ததே, அந்த இடி இன்னும் இறங்கவில்லை. அப்போதெல்லாம் அது வெறும் ஆசையாகத்தான் இருந்தது. போன மாதம்தான் வெறியானது. உன்னிடம் முழுதாகச் சொல்லவில்லை. அன்றைக்குச் சரியான மழை. பிள்ளை சௌமியாவுக்குச் சாயங்காலத்திலிருந்தே இளைப்பு, நெஞ்சு விசில் அடிக்கிறது, மருந்து உறிஞ்ச வைத்தும் அடங்கவில்லை. காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். எங்கள் வீட்டு வாசலிலிருந்து ரோட்டுக்கு ஏறும் சிமெண்டு மேடு உனக்குத் தெரியுமே, மழை பெய்தால் பாசி பிடித்துக் கிடக்கும். பாதி மேட்டில் சக்கரம் சுற்றுகிறது, வண்டி நகரவில்லை. அப்புறம் மெதுவாகப் பின்னால் வழுக்கி வந்து சாக்கடையில் உட்கார்ந்துவிட்டது. மேலே ரோட்டோரத்து வீட்டு உதயசூரியன் அண்ணன் ஸ்கூட்டரை எடுத்து வந்து, நான் பிள்ளையைப் பிளாஸ்டிக் ஷீட்டில் பொதிந்து பின்னால் உட்கார்ந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் அவளுக்கு உதடு நீலம். டாக்டர், "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாமே" என்றார். நனைந்துபோய்ப் பின்னால் வந்து நின்ற உன் மாப்பிள்ளையிடம் அதையே இந்தியிலும் ஒரு முறை சொன்னார். அந்த 'கொஞ்சம்' இருக்கிறதே, அதைத்தான் அவர் இப்போது சிலிண்டரில் அடைத்து வாங்கப் பார்க்கிறார்.

வண்டியை மேலேயே நிறுத்தினால் என்ன என்று கேட்பாய். நிறுத்தினோம். உதயசூரியன் அண்ணன் தென்னை மரத்தடியில். இரண்டாம் நாளே முன்கண்ணாடியில் தேங்காய். புதுக் கண்ணாடி கப்பலில் வந்து சேர இருபத்தாறு நாள் ஆனது. அதுவரைக்கும் அவர் மழைக்கோட்டு போட்டுக்கொண்டுதான் ஆபீஸுக்குக் கார் ஓட்டினார்.

இப்போது எங்கள் வீட்டில் வேறு பேச்சே கிடையாது அண்ணா. மற்ற வீடுகளில் மாமியாரை வைத்துச் சண்டை வரும், இங்கே காருக்கு மாட்டப்போகும் நைட்ரஸ் கிட் வெட்டா டிரையா என்று. நான் கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு வைவா நடக்கிறது. டிரை என்றால் வாயு மட்டும் போகும், அதற்கு ஈடான பெட்ரோலை வண்டியின் கம்ப்யூட்டர்தான் கூட்டித் தரணும், தராவிட்டால் பிஸ்டன் உருகும். வெட் என்றால் வாயுவும் பெட்ரோலும் சேர்ந்தே பீய்ச்சும், அந்தப் பெட்ரோல் இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்க்குள் தேங்கினால் வெடிக்கும். எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. நேற்று சௌமியா குளித்துவிட்டு வந்து, "அம்மா, நான் இப்ப வெட்டா டிரையா?" என்கிறாள்.

சரி, விவரம் தெரிந்தவரைக் கேட்போம் என்று அபர்டீன் பஜாருக்குப் பின்னால் இருக்கும் மண்டல் மெக்கானிக்கிடம் போனோம். அவர் இவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்: "பாபிஜி, டிரை லகாவோ தோ இன்ஜின் ஜலேகா. வெட் லகாவோ தோ பூரா காடி ஜலேகா." டிரை மாட்டினால் இன்ஜின்தான் எரியுமாம், வெட் மாட்டினால் வண்டி மொத்தமும் எரியுமாம். உன் மாப்பிள்ளை திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்துவிட்டு, "அப்ப டிரைதான் நல்லதுன்னு சொல்றாரு" என்றார். நான் என்ன செய்ய?

நைட்ரஸ் பாட்டில் தீர்ந்தால் இங்கே நிரப்ப ஆள் கிடையாது, மெயின்லேண்டுக்குத்தான் அனுப்பணும். பிளேனில் ஏற்ற மாட்டான். கப்பலில் பர்மிஷன் கிடைத்தாலும் போக மூன்று நாள், வர மூன்று நாள், நடுவில் கப்பலே இல்லாத நாள் எத்தனையோ. முழுப் பாட்டிலும் சேர்த்து ஒரு நிமிடம் வந்தால் பெரிசு. என் பிள்ளைக்கு மூச்சு இழுக்கிற அன்றைக்கு அது சென்னை துறைமுகத்தில் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டிருக்கும், பார்த்துக்கொள்.

இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், அவரிடம் சொல்லிவிடாதே. மழை தூறினாலே அவர் எழுந்து போய்க் காருக்குள் தனியாக உட்கார்ந்துகொள்கிறார். கூப்பிட்டால், "பேட்டரி பார்க்கிறேன்" என்கிறார். அதனால், வெட்டோ டிரையோ, அது நிஜமாகவே எங்களைப் பத்து நிமிடம் முன்னால் கொண்டுபோய்ச் சேர்க்கும் என்றால் மறைக்காமல் சொல், என் வளையலைக் கழற்றித் தருகிறேன். சேர்க்காது என்றால், 'இந்தக் காருக்கு இரண்டுமே பொருந்தாது மாப்பிள்ளை' என்று நீயே அவருக்கு எழுதிவிடு. உன் பேச்சைத்தான் கேட்பார்.

அண்ணிக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். நீங்கள் எல்லோரும் நன்றாக மூச்சுவிட்டு நூறாண்டு இருக்க வேண்டும்.

அன்புத் தங்கை,
ரூபா

பின்குறிப்பு: இதை ஹாடோ ஜெட்டியில் நின்று எழுதுகிறேன். காலையில் ரெங்கம்மா அக்காவையும் அவருடைய மூன்று மூட்டையையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினால், அதே மழை, அதே மேடு, பாதியில் சக்கரம் சுற்றுகிறது. அக்கா கத்தினார்: "ஏந்தம்பி, கப்பலு எனக்காக நிக்குமா? திருப்பிப் போட்டு ரிவர்ஸ்ல ஏத்துங்க! கட்சால் தீவுத் தோட்டத்துல ரப்பர் பாலு ஏத்துன வேனெல்லாம் மழையில பின்னாலதான் மேட்டுல ஏறும்!" இவர் திருப்பினார். ஏறிவிட்டது அண்ணா! ஒரு வழுக்கல் இல்லை. பலம் போதவில்லை என்று ஒரு மாதம் சண்டை போட்டோம், டயர்தான் பிடிக்காமல் இருந்திருக்கிறது. இழுக்கிற சக்கரம் முன்னால்தானே, ரிவர்ஸில் வண்டிப் பாரம் அதன் மேல் விழுகிறது. கெமிஸ்ட்ரிக்குப் பதில் பிசிக்ஸ் படித்திருக்கலாம். சௌமியா முன்கண்ணாடி வழியாக வீடு கீழே இறங்குவதைப் பார்த்து, "வீடு டாட்டா காட்டுதும்மா" என்று ஒரே சிரிப்பு. ஆகையால் மேலே எழுதியது எதையும் எடுத்துக்கொள்ளாதே, வெட்டும் வேண்டாம், டிரையும் வேண்டாம்.

இதை எழுதும்போதே அவர் எட்டிப் பார்த்துவிட்டு, "சும்மாவே இப்படி ஏறுதுன்னா, ரிவர்ஸ்ல நைட்ரஸ் குடுத்தா? அதுக்கு வெட்டா டிரையான்னு மச்சான்கிட்ட கேளேன்" என்கிறார். ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான் சிரித்தார், அதனால் அவர் கேட்டதை அப்படியே எழுதிவிட்டேன். சீக்கிரம் பதில் போடு.