குமரன் தலையில் ஏறிய பச்சைக் கோந்து

வேதியியல் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் அக்கா வீட்டில் தங்கியிருப்பவனிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு யாரும் வெளியே போகக் கூடாது. இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. அந்த ஆள் நான்தான்.

தொண்ணூறுகளின் கடைசி. திருவொற்றியூர் கடலோரக் குப்பத்தில் அக்கா செல்வியின் வீடு. மச்சான் விசைப்படகில் கடலுக்குப் போயிருந்தார். நான் எண்ணூர்ப் பக்கத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் விண்ணப்பம் போட்டுவிட்டு, அவர்கள் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். (அவர்கள் அவசரப்படவில்லை.)

அக்காவுக்கு எட்டு வயதில் தேவி, மூன்று வயதில் குமரன். குமரன் பிறந்தவுடன் வலிப்பு வந்து, பிழைப்பானா என்றிருந்தபோது அக்கா மலைக்கோயில் முருகனிடம் வேண்டிக்கொண்டாள். மூன்று வயதில் மலைக்கு வந்து மொட்டை போடுகிறேன், அதுவரை இவன் தலையில் கத்திரி படாது என்று. அதனால் பையனுக்கு முதுகு வரை முடி, தினமும் எண்ணெய், பின்னல், ரிப்பன். அந்த ஞாயிற்றுக்கிழமை மொட்டை. தாய்மாமன் என் மடியில் உட்காரவைத்துத்தான். வேன்கூடப் பேசியாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா ரேஷன் கடைக்குப் போனாள். பிள்ளைகள் போரடிக்கிறது என்றார்கள். பழைய புத்தகக் கடையில் நான் வாங்கியிருந்த அறிவியல் விளையாட்டுப் புத்தகத்தில் ஸ்லைம் என்று ஒன்று இருந்தது. தச்சர்களின் வெள்ளைக் கோந்து, தண்ணீர், நாட்டு மருந்துக் கடை வெண்காரம். மூன்றையும் கலக்கினால் கையில் தொங்கும், விட்டால் வழியும். கொஞ்சம் பச்சைக் கலரும் போட்டேன். முதல் முயற்சியிலேயே பிரமாதமாக வந்துவிட்டது. (அங்கேயே நிறுத்தியிருக்கலாம்.) அது ஏன் அப்படி ஆகிறது என்று தேவிக்கு விளக்க ஆரம்பித்து, மூலக்கூறுகள் கைகோத்துக்கொள்வதைச் சுவரில் பென்சிலால் வரைந்தேன். திரும்பிப் பார்த்தால் குமரன் கிண்ணத்தையே தலையில் கவிழ்த்துத் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"மாமா, எண்ண" என்றான்.

தண்ணீர் ஊற்றினேன். சோப்புப் போட்டேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். சீப்பின் மூன்று பற்கள் உடைந்தன, மூலக்கூறுகள் கையை விடவில்லை. கடைசியில் அறிவியல்பூர்வமாக ஒரு முடிவுக்கு வந்தேன். கோந்து அப்பிய கொத்துகளை மட்டும் வெட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, மீதி முடி முருகனுக்குப் போதாதா? தையல் மிஷின் டிராயரிலிருந்து கத்திரிக்கோலை எடுத்து, குமரனைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டேன். அப்போதுதான் அக்கா வாசலில் வந்து நின்றாள்.

"டேய். கத்திரிய கீழ வை."

வைத்தேன். அவள் திட்டவில்லை. ரேஷன் பையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். புள்ள பொழச்சதே அந்த வாக்குலதான்டா என்று சொல்லி அழ ஆரம்பித்தாள். நான் அதற்கு முன்பும் பின்பும் அவ்வளவு பயந்ததில்லை. அவளை அழவைத்ததற்காக என் பட்டத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம் போலிருந்தது.

அந்த நேரத்தில் மச்சானின் தங்கை மல்லிகா காசிமேட்டில் மீன் விற்று முடித்துக் காலிக் கூடையோடு உள்ளே வந்தாள். குமரனின் தலையைத் தொட்டு, விரல்களுக்கிடையே உருட்டிப் பார்த்தாள்.

"இன்னா அண்ணி, இதுக்குப் போயி அழுதுகினு கீற? கெளுத்தி மேல இத்தவிட கொழகொழன்னு கீது. புளி எட்த்தா."

கெளுத்தி மீனின் வழவழப்பைப் போக்கக் குப்பத்தில் புளியும் கல்லுப்பும் போட்டுத் தேய்ப்பார்கள். உப்பு பிள்ளைக்கு எரியும் என்று அதை மட்டும் தள்ளி வைத்துவிட்டு, குமரனை மடியில் போட்டு, முடியைச் சட்டிக்குள் விட்டுக் கெட்டிப் புளிக்கரைசலில் அலசினாள். சற்று நேரத்தில் ஸ்லைம் நீர்த்து ஒழுகியது. அமிலம் பட்டால் அந்தப் பிணைப்பு அறுந்துவிடும் என்பது எனக்கும் தெரியும், தேர்வில் எழுதி மதிப்பெண்ணே வாங்கியிருக்கிறேன். புளியில் அமிலம் உண்டு என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசிக்கத்தான் தெரியவில்லை. நீ இன்னா படிச்ச என்று மல்லிகா கேட்டாள். நான் சட்டியைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

ஞாயிற்றுக்கிழமை மலைக்கோயிலில் குமரன் என் மடியில். பக்கத்தில் என் சீர்த்தட்டு. சனிக்கிழமை கரை திரும்பிய மச்சானிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை. மொட்டை போடுபவர் தலையை நனைத்து, கத்தியை வைத்து, பின்கழுத்தருகே நிறுத்தினார். சுண்டைக்காய் அளவில் ஒரு காய்ந்த பச்சை உருண்டை.

"என்ன சார் இது?" என்று என்னைக் கேட்டார்.

மச்சான் குனிந்து பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். (மூலக்கூறு என்றுதான் ஆரம்பித்திருப்பேன்.) அதற்குள் மல்லிகா முந்திக்கொண்டாள்.

"அது தாய்மாமன் சீருங்க. நீங்க வழிங்க."

வழித்தார். முடியோடு அதுவும் காணிக்கையாகப் போய்ச் சேர்ந்தது. குமரனுக்கு அதன்பின் வலிப்பு வரவே இல்லை, ஆகவே முருகனுக்கும் ஆட்சேபணை இருந்திருக்காது.

குமரனுக்கு இப்போது கல்யாணமே ஆகிவிட்டது. ஆனால் வீட்டில் எந்த விசேஷத்துக்கு நான் சீர்த்தட்டை நீட்டினாலும், வாங்குவதற்கு முன் அக்கா ஒரு விரலால் அதைத் தொட்டுப் பார்க்கிறாள், ஒட்டுகிறதா என்று.