முதுகுக்குப் பின்னால் ஒரு பெல்ட்

நம்மையெல்லாம் காப்பாற்றியே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு அலைகிற ஓர் இனம் உண்டு. வாகனப் பாதுகாப்பு இன்ஜினியர் என்று பெயர். அவருக்குக் கண்டுபிடிப்புப் பித்தும் சேர்ந்துகொண்டால் நீங்கள் தொலைந்தீர்கள்.

நம்மவரையே எடுத்துக்கொள்ளுங்கள். கார் ஆலையில் அவருக்குப் பட்டப்பெயர் 'சடன் பிரேக்'. பொம்மை மனிதர்களைக் காரில் உட்காரவைத்துச் சுவரில் மோதவிட்டு, கழுத்து எவ்வளவு தூரம் திரும்பியது என்று அளப்பது உத்தியோகம். வீட்டில் மேஜை முனைக்கெல்லாம் ரப்பர் ஒட்டி, குளியலறையில் கைப்பிடி மாட்டி, கல்யாண வீடோ துக்க வீடோ, பக்கத்தில் அகப்பட்டவரிடம் சீட் பெல்ட்டின் மகிமையை ஓதி, அவர் எழுந்து ஓடினால் அடுத்தவரைப் பிடித்துக்கொள்வது பொழுதுபோக்கு. மனைவியைக் காரில் ஏற்றி நடுத்தெருவில் திடீரென்று பிரேக் போடுவார். "கழுத்து வலிக்குதா?" என்று ஆவலாகக் கேட்பார். அந்த அம்மாள் இப்போது பஸ்ஸில்தான் போகிறார்.

சரி, இவர் பெல்ட் போடுவாரா? அங்கேதான் சங்கதியே இருக்கிறது. போட்டால் தொந்தியை அழுத்துகிறது. போடாவிட்டால் அவரே பொருத்திய மணி காதைத் துளைக்கிறது. ஆகவே பெல்ட்டை முதுகுக்குப் பின்னால் இழுத்து மாட்டி, அதன்மேல் சுகமாகச் சாய்ந்துகொண்டு ஓட்டுவார்.

"எனக்கு என்ன ஆயிடும்? இதைச் செஞ்சவனே நான்தானே!"

பாதி ஆயுளைத் தின்ற அவருடைய கண்டுபிடிப்பு, பெல்ட் மாட்டாமல் ஸ்டார்ட்டே ஆகாத கார். அதைப் பார்க்க ஒருநாள் அதிகாரிகள் வந்தார்கள். அவர்கள் தலையசைத்தால் இனி வரும் கார்களிலெல்லாம் அது ஏறும். உதட்டைப் பிதுக்கினால் பழைய இரும்புக் கடைக்குப் போகும். அதே ஆலையில் வேலை பார்க்கும் மகளும் வந்து நின்றாள்.

"இதை யாராலயும் ஏமாத்த முடியாதுங்க!" என்று முழங்கிவிட்டு ஏறி உட்கார்ந்தார். கை, பழக்கதோஷத்தில் தன் வேலையைச் செய்தது. 'க்ளிக்'. கார் உறுமியது. பெருமை பொங்கத் திரும்பினார். ஒருவரும் கை தட்டவில்லை.

"அப்பா, பெல்ட் உங்க முதுகுக்குப் பின்னால இருக்கு" என்றாள் மகள்.

அதிகாரி குனிந்து பார்த்தார். "பரவாயில்லையே, ஏமாத்த ஒருத்தர் இருக்காரே!"

வெட்கப்பட்டாரா? அதுதான் இல்லை. "மெஷின் நல்ல மெஷின்தாங்க. ஓட்டுறவங்கதான் சரியில்ல!" என்றார். கார் இரும்புக் கடைக்குப் போனது. அன்று மாலை வீட்டுக்குப் போக அவர் தம் சொந்தக் காரில் திறந்துவிட்ட முன்கதவை மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல், அம்மா போகும் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள். மனிதர் பாவம்தான். ஆனாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

நீங்களும் சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். நாளைக் காலை பிள்ளையின் தலையில் ஹெல்மெட்டை அழுத்தி மாட்டிவிட்டு, உங்களுடையதைக் கைப்பிடியில் தொங்கவிட்டு, "இதோ, இந்தத் திருப்பம் வரைக்கும்தானே" என்று கிளம்புவீர்கள் அல்லவா? அப்போது வண்டிக் கண்ணாடியில் தெரிகிற முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சடன் பிரேக்கின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரியே இருக்கும்.