ஈரலுக்கு ஓர் அடையாள அணிவகுப்பு

மதுக்கடையை மூடு என்று நாங்கள் தெருத்தெருவாக முழங்கினோம். அரசு மனமிரங்கி மருத்துவமனையைத் திறந்தது. மக்களின் ஈரலைக் காப்பது தலையாய கடமை என்பதால், மது விற்பனைத் துறையே தன் லாபத்தில் அதைக் கட்டியது. நிபந்தனை ஒன்றுதான்: அந்தத் துறையின் கடைச் சரக்கால்தான் ஈரல் கெட்டிருக்க வேண்டும். கள்ளச் சாராயத்தால் கெட்ட ஈரலுக்குக் காவல்துறையே பொறுப்பு.

குழாய் ரிப்பேர்க்காரர் ஒருவர் மஞ்சள் கண்ணும் பானை வயிறுமாக, மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். இன்றே சேர்க்காவிட்டால் ஆள் தேறமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டிலும் காலியாக இருந்தது. சட்டம்தான் குறுக்கே நின்றது.

“எங்க கடையிலதான் குடிச்சார்னு யார் சாட்சி?” என்றார் துறை அதிகாரி.

“நான்தான் சார். சாயங்காலமானா இவரைத் தூக்கிட்டு வர்றது வேற யாரு?”

“பெண்டாட்டி சாட்சி செல்லாதும்மா. கடைக்காரர் அடையாளம் காட்டணும்.”

விற்பனையாளர் வரவழைக்கப்பட்டார். நோயாளியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “தெரியலையே சார். இவ்வளவு அடக்கமா நிக்கிற ஆளு எவனும் நம்ம கடைக்கு வந்ததில்லை.”

அதிகாரி ஆழ்ந்து சிந்தித்தார். “ஒரு குவார்ட்டர் ஊத்திப் பார்ப்போமா?”

“ஒரு சொட்டு போனாலும் செத்துடுவார்!” டாக்டர் அலறினார்.

“செத்தா அடையாளம் தெரியுமா?” என்று விற்பனையாளரிடம் விசாரித்தார் அதிகாரி.

மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கணவரின் சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள், தலையைக் கலைத்தாள். “யோவ், குடிக்காமலே ஆடுய்யா! உசுரு போற காரியம்!”

அவர் தள்ளாடினார். மின்விசிறியை அண்ணாந்து பார்த்து, “மச்சான், ஏன்டா சுத்துற? உனக்கும் ஏறிடுச்சா?” என்று அழுதார்.

“அட, நம்ம குழாய் மாமா!” விற்பனையாளர் பாய்ந்து கட்டிக்கொண்டார். “மாமோய்!” என்று வாசல் காவலாளி ஓடிவந்தார். வெளியே உண்ணாவிரதம் இருந்த எங்கள் மதுவிலக்குச் சங்கத் தலைவர் ஜன்னலில் முகம் பதித்து, “உடம்புக்கு என்ன மாமா?” என்று விம்மினார். அதிகாரி பதவியின் கௌரவத்தைக் காக்க முயன்றார், முடியவில்லை. “நேத்து என் தோள்ல தூங்கினது நீங்கதானா?”

கட்டில் கிடைத்தது. அதே கையோடு டாக்டர் கூடியிருந்தவர்களின் வயிறுகளையும் அழுத்திப் பார்த்தார். முகம் கறுத்தது. கடைசியில் தன் வயிற்றை அழுத்தினார், நாற்காலியைத் தேடினார்.

அதிகாரி மெல்ல அந்த அம்மாளிடம் வந்தார். “தங்கச்சி, எனக்கு ஒரு சாட்சி வேணும். என்னைத்தான் தினமும் கடையில பார்க்கிறியே.”

அவள் மேலும் கீழும் பார்த்தாள்.

“பிடிபடலையே சார். கொஞ்சம் ஆடிக் காட்டுங்க.”

அதிகாரி சட்டைப் பொத்தானை அவிழ்த்தார். அவருக்குப் பின்னால் எங்கள் தலைவர் தலையைக் கலைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்.