செங்கமலத்தின் வாய்மொழித் தேர்வு

ஒரு குழந்தையை எப்போது பள்ளிக்கூடத்தில் சேர்க்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு யாருடையது என்பதில் நம் அரசாங்கத்துக்கு என்றுமே குழப்பம் இருந்ததில்லை. குழந்தையும் அதைப் பெற்றவர்களும் நீங்கலாக, மற்ற எல்லோருடைய பொறுப்பும் அது.

இந்த விவரம் தெரியாத காரணத்தால், 1961-ஆம் வருஷம் இலுப்பூரில் கடலை வியாபாரம் செய்துவந்த உடையப்பனும் அவர் மனைவி சொர்ணமும், தங்கள் ஒரே மகள் செங்கமலத்தை எப்போது பள்ளிக்கூடம் அனுப்புவது என்று தங்களுக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

செங்கமலத்துக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. ஓடுவாள், ஏறுவாள், குதிப்பாள். "மேல வீட்டுல போய் மொறத்தை வாங்கிட்டு வா" என்றால் முறத்தோடு வந்து நிற்பாள். சொன்னதெல்லாம் விளங்கும். பேச்சு மட்டும் வரவில்லை. மூன்றே வார்த்தைகளை வைத்துக்கொண்டு காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். "தா" என்றால் ஆத்தா, பசித்தாலும் தா. "பூ" என்றால் பூ, நிலா, பூனைக்குட்டி, பலூன், கண்ணுக்கு அழகாகப் படுகிற எதுவும். "ம்ஹூம்" என்றால் முடியாது, இல்லை, போ. இவை போக, யாராவது அடிபட்டு நின்றால் அவர்கள் கையைப் பிடித்து "ஊ" என்று ஊதிவிடுவாள்.

டாக்டரிடம் காட்டினார்கள். அவர் நாக்கை நீட்டச் சொன்னார், நீட்டினாள். பின்னால் மணியடித்தார், திரும்பிப் பார்த்து "பூ" என்றாள். "காது, நாக்கு எல்லாம் நல்லா இருக்கு. சில பிள்ளைக மெதுவாப் பேசும். நேரம் வந்தாப் பேசும்" என்றார். எந்த நேரம் என்று கேட்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

"இந்த வருஷமே சேர்த்துருவோம்" என்றார் உடையப்பன். "நாலு பிள்ளைகளோட பழகுனாத்தான் பேச்சு வரும். இங்க அவ வாயைத் தொறக்குமுன்ன நீயே எல்லாத்தையும் எடுத்துக் குடுத்துடுறே. அப்புறம் அவ எதுக்குப் பேசணும்?"

"எவனாச்சும் அடிச்சா வந்து சொல்லணும்லங்க? வயித்துவலின்னா வாத்தியார்கிட்டச் சொல்லணும்ல?" என்றாள் சொர்ணம். "ஊமைன்னு ஒருத்தன் பட்டப்பேரு வச்சுட்டான்னா, அந்தப் பேரு கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வரும். ஒரு வருஷம் போகட்டும்."

இரண்டு பேர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அதனாலேயே சண்டை தீரவில்லை. கடைசியில், "விவரம் தெரிஞ்சவங்களைக் கேப்போம்" என்று முடிவு செய்தார்கள். எல்லாவற்றுக்கும் ஆரம்பம் அதுதான்.

யூனியன் ஆரம்பப் பள்ளியின் தலைமை ஆசிரியர் வெள்ளைச்சாமி தங்கமான மனிதர். அவர் அறையில் ஒரு மேஜையும் அதற்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக இரண்டு நாற்காலிகளும் இருந்தன. வந்தவர்கள் நின்றுகொண்டார்கள்.

"ஒன் பேரு என்னம்மா?" என்று கேட்டார் வெள்ளைச்சாமி.

"ம்ஹூம்" என்றாள் செங்கமலம்.

"சேர்க்க முடியாதுங்க" என்றார் அவர், மிகவும் வருத்தத்தோடு. "புதுச் சர்க்குலர் வந்திருக்கு. சேர்க்கை கோரும் குழந்தையானது தன் பெயர், தகப்பனார் பெயர், ஊர் ஆகிய மூன்றையும் வாய்மொழியாகத் தெரிவித்தல் வேண்டும். நான் என்ன செய்ய?"

"அப்பச் சரிங்க சார். பேச்சு வந்ததும் கூட்டியாரோம்" என்று சொர்ணம் சந்தோஷமாகக் கிளம்பினாள்.

"கொஞ்சம் இருங்க." வெள்ளைச்சாமி எழுந்தார். மேஜையைச் சுற்றிப் போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தார். முகம் கடுமையாகிவிட்டது. "அஞ்சு வயசு முடிஞ்ச பிள்ளையைப் பள்ளிக்கூடத்துல சேர்க்காம வச்சிருக்கீங்களே, கட்டாயக் கல்விச் சட்டப்படி குற்றமுன்னு தெரியுமா?"

உடையப்பன் திகைத்துப்போனார். "நீங்கதானே சார் இப்பச் சேர்க்க மாட்டேன்னீங்க?"

"அது அந்த நாற்காலி. அங்கிட்டு ஒக்காந்தா நான் தலைமை ஆசிரியர். இங்கிட்டு ஒக்காந்தா கட்டாயக் கல்வி அலுவலர், பொறுப்பு."

"அப்ப நாங்க என்னதான் செய்யணும்?"

"பிள்ளையைச் சேர்த்துக்கச் சொல்லித் தலைமை ஆசிரியரைப் போய்ப் பாருங்க."

"அவர் முடியாதுன்னா?"

"முடியாதுன்னுதான் சொல்லுவார்" என்றார் வெள்ளைச்சாமி, எதிரே காலியாக இருந்த நாற்காலியை மரியாதையோடு பார்த்தபடி. "ரொம்பக் கண்டிப்பான ஆளு."

இந்தச் சமயத்தில் புதுக்கோட்டைப் பெரிய மனிதர்களிடையே கிண்டர்கார்டன் என்ற புதுப்பழக்கம் பரவியிருந்தது. கிண்டர்கார்டன் என்றால் என்ன என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. ஆனால் தன் பிள்ளை அங்கே போகிறது என்று சொல்வதற்காகவே சிலர் கல்யாண வீடுகளுக்குத் தவறாமல் போனார்கள். கடலை வாங்க வந்த ஒருவர் சொன்னதைக் கேட்டு, உடையப்பன் பெண்டாட்டி பிள்ளையோடு பஸ் ஏறினார்.

கிண்டர்கார்டனை நடத்தியவர் மிஸஸ் சவரியப்பன். பங்களாத் தாழ்வாரத்தில் சின்னச் சின்ன நாற்காலிகளில், சித்திரை வெயிலில், குழந்தைகள் கழுத்துப்பட்டையும் காலுறையும் மாட்டிக்கொண்டு, பனி பெய்வதைப் பற்றி இங்கிலீஷில் பாடிக்கொண்டிருந்தார்கள்.

சொர்ணம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். "இவளுக்குப் பேச்சு வரலைங்கம்மா."

"என்ன பேச்சு? தமிழா?"

"ஆமாங்க."

"தமிழ் வராதா?" மிஸஸ் சவரியப்பன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "சுத்தமாவே வராதா?"

"மூணு வார்த்தை வரும்" என்றார் உடையப்பன், மகளை விட்டுக்கொடுக்காமல்.

"பரவாயில்லை, அதை மறக்கடிச்சுடலாம். மத்த பிள்ளைங்ககிட்ட இருந்து தமிழை எடுக்கவே எங்களுக்கு ஒரு வருஷம் ஆகுது. இந்தக் குழந்தைக்கு அந்த ஒரு வருஷம் மிச்சம்! எப்படி வளர்த்தீங்க?"

ஐந்து வருஷத்தில் முதல் தடவையாக ஒருவர் தன் பிள்ளை வளர்ப்பைப் பாராட்டியதில் சொர்ணத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

"ஒரே ஒரு கண்டிஷன்" என்றார் மிஸஸ் சவரியப்பன். "வீட்டுல குழந்தை காதுல தமிழ் விழக்கூடாது. நீங்க ரெண்டு பேரும் இங்கிலீஷ்லதான் பேசணும்."

"எங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்களே."

"அப்ப ஒண்ணும் பேசாதீங்க."

திரும்பி வரும் பஸ்ஸில் உடையப்பன் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, உதட்டை இறுக்கிக்கொண்டு வந்தார். அன்னவாசல் வந்தும் வாயைத் திறக்கவில்லை. கண்டக்டர் கேட்டதற்கும் கையைத்தான் காட்டினார்.

"என்னங்க ஆச்சு ஒங்களுக்கு?"

அவர் இரண்டு கைகளையும் ஆட்டி, தான் பழகிப் பார்ப்பதாகத் தெரிவித்தார்.

"நல்லா இருக்கு கூத்து!" என்றாள் சொர்ணம், பஸ் முழுக்கக் கேட்கும்படி. "ஒருத்தி பேசலைன்னு வைத்தியம் பார்க்கப் போனா, மூணு பேரையும் பேசாதேங்குறா மகராசி. பேசாம இருக்கிறதுக்கு எதுக்குங்க சம்பளம் கட்டணும்?"

அதோடு கிண்டர்கார்டன் முடிந்தது. ஆனால் அலுவலர், பொறுப்பு, சும்மா இருக்கவில்லை. 'ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது' என்று கேட்டு அவரிடமிருந்து ஓலை வந்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தவர் வெள்ளைச்சாமியேதான். கொடுத்துவிட்டு, "என்னங்க இப்படி எழுதியிருக்கான், படுபாவி" என்று உடையப்பனோடு சேர்ந்து வருத்தப்பட்டு, மோர் குடித்துவிட்டுப் போனார்.

விஷயம் டிப்டி இன்ஸ்பெக்டர் ஞானமணியின் காதுக்கு எட்டியது. அவருக்கு வேறு ஒரு கவலை. ஐப்பசியில் திருச்சியிலிருந்து பெரிய அதிகாரி வருவதாக இருந்தார். தன் சரகத்தில் பள்ளிக்கூடத்தில் சேராத ஐந்து வயதுக் குழந்தை ஒன்றுகூடக் கிடையாது என்று ஞானமணி ஏற்கெனவே மேலே எழுதிவிட்டார். ஆகவே செங்கமலம் பள்ளிக்கூடத்தில் இல்லை என்பது, அரசாங்கத் தகவலுக்கு முரணாக அந்தப் பெண் நடந்துகொள்வதாகும்.

அவரே நேரில் வந்து, வாய்மொழித் தேர்வை நடத்தினார். வெள்ளைச்சாமி இரண்டு நாற்காலிகளையும் அவருக்குக் கொடுத்துவிட்டு நின்றார்.

"குழந்தாய், உன் பெயர் என்ன?" என்றார் ஞானமணி. பழைய தமிழ்ப் பண்டிதர் அவர்.

செங்கமலம் அவர் சட்டைப் பையிலிருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தாள். "பூ" என்றாள்.

சொர்ணத்துக்கு முகம் விழுந்துவிட்டது. ஞானமணிக்கோ மலர்ந்தது. "செங்கமலம் என்றால் என்ன?"

"தாமரைங்க ஐயா" என்றார் வெள்ளைச்சாமி.

"தாமரை என்பது?"

"பூவுங்க ஐயா."

"பெயரைச் சொல்பவர்கள் ஆயிரம் பேர். பெயரின் பொருளைச் சொல்ல எத்தனை பேரால் முடியும்? முதல் கேள்வியில் தேர்ச்சி. அடுத்து, தகப்பனார் பெயர்."

"அது நீளமான பேருங்க ஐயா" என்றார் உடையப்பன், ஏதோ தானே தப்புச் செய்துவிட்டதைப் போல.

அடிபட்டவர்களுக்கு அவள் ஊதிவிடும் விஷயத்தை வெள்ளைச்சாமி முன்பே அவரிடம் சொல்லியிருந்தார். ஞானமணி சிறிது யோசித்தார். பிறகு மேஜை இழுப்பறையில் தன் விரலைத் தானே நசுக்கிக்கொண்டு, "ஐயோ!" என்றார். கொஞ்சம் பலமாகவே நசுக்கிவிட்டார் என்று பிற்பாடு வெள்ளைச்சாமி சொன்னார். செங்கமலம் ஓடிப்போய் அந்த விரலைப் பிடித்து, "ஊ... ஊ..." என்று ஊதினாள்.

டிப்டி இன்ஸ்பெக்டர் விரலை இழுத்துக்கொள்ளவும் மறந்துவிட்டார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "உ. உடையப்பன் என்பதன் தலைப்பெழுத்து. நாம் கையெழுத்தில் தலைப்பெழுத்து மட்டும்தானே போடுகிறோம்? அரசாங்கம் ஏற்கவில்லையா? குறில் நெடிலாயிற்று, அது பொருட்படுத்தத் தக்கதன்று. மூன்றாவது, ஊர்."

"இலுப்பூர்னு அவளுக்கு வராதுங்க" என்றாள் சொர்ணம். இப்போது அவளுக்கே ஆசை வந்துவிட்டது. "அந்தக் கேள்வியை மட்டும் விட்டுடுங்கய்யா."

"விடுவதற்கு எனக்கு அதிகாரம் இல்லை அம்மா. கேட்பதற்குத்தான் உண்டு." அவர் குழந்தையின் பக்கம் குனிந்தார். "நீ இலுப்பூர் அல்லாத வேறு ஊரைச் சேர்ந்தவளா?"

"ம்ஹூம்" என்றாள் செங்கமலம்.

"பலே!" என்று வெள்ளைச்சாமி கை தட்டிவிட்டார். இவ்விதமாக, மூன்று கேள்விகளுக்கும் சரியான விடையளித்து, செங்கமலம் ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப்பட்டாள்.

மறுநாள் வகுப்பில் அவளுக்குக் கிடைத்த முதல் பாடம், "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்பது. பேச வேண்டும் என்று இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த பள்ளிக்கூடத்தில், பேசக்கூடாது என்பதைத் தவிர வேறு சட்டம் இல்லை. ஆனால் பக்கத்தில் இன்னாசியம்மாள் என்ற சிறுமி உட்கார்ந்திருந்தாள். பொத்திய கைக்குள்ளேயே பேசக்கூடிய திறமை அவளுக்கு இருந்தது. எவனோ ஒரு பயல் செங்கமலத்தை "ஊமை" என்றபோது அவன் குடுமியைப் பிடித்து உலுக்கியவளும் அவள்தான். செங்கமலத்தின் நாலாவது வார்த்தை "இன்னாசி". பிறகு "குச்சி", "சோறு", "அடி", "வாரேன்" என்று ஒவ்வொன்றாக வந்தன.

ஒருநாள் வெள்ளைச்சாமி கடைக்கே வந்துவிட்டார். "ஒங்க மக வகுப்புல பேசுறா. கண்டிச்சு வைங்க."

உடையப்பன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அன்று பள்ளிக்கூடம் முழுவதற்கும் கடலை உருண்டை. "நான் சொன்னேன்ல?" என்றார் வீட்டில். "ஒரு வருஷம் போயிருந்தாலும் பேசித்தான் இருப்பா" என்றாள் சொர்ணம். ஆனாலும் வார்த்தைகள் தனித்தனியாகத்தான் வந்தன. மகள் ஒரு முழுப் பேச்சுப் பேசிக் கேட்க வேண்டும் என்று அவள் குமரமலை முருகனுக்கு வேண்டிக்கொண்டாள்.

ஐப்பசியில் பெரிய அதிகாரி வந்தார். நல்ல மழை. பெற்றோர்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். பிள்ளைகள் வாயில் விரலை வைத்துச் சிலைபோல் உட்கார்ந்திருந்தார்கள். அதிகாரி மனம் குளிர்ந்து, "இந்தப் பள்ளிக்கு ஏதாவது குறை உண்டா? தயங்காமல் சொல்லுங்கள்" என்றார்.

கூரை ஓடு உடைந்து மூன்று மழைக்காலம் ஆகிறது. இரண்டாவது வாத்தியாரை வேறு ஊருக்கு மாற்றியவர்கள் பதில் ஆள் போடவில்லை. மத்தியானச் சோற்றில் அரிசியைவிடக் கல் அதிகம். வெள்ளைச்சாமிக்கு இதெல்லாம் தெரியும். அவர் டிப்டி இன்ஸ்பெக்டரைப் பார்த்தார். டிப்டி இன்ஸ்பெக்டர் தன் செருப்பைப் பார்த்தார். அதிகாரி பெற்றோர்கள் பக்கம் திரும்பினார். கூரையைப் பற்றிக் கேட்டே தீர்வது என்று காலையில் கடையில் சபதம் செய்துவிட்டு வந்த உடையப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பல்லைக் காட்டினார். அந்த நேரத்தில் மேலேயிருந்து ஒரு செம்பு மழைத்தண்ணீர் அதிகாரியின் தலையிலேயே விழுந்தது. அதிகாரி நிமிர்ந்து ஓட்டையைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

முன்வரிசையில் இருந்த செங்கமலம் வாயிலிருந்து விரலை எடுத்தாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு, சுவரோரம் நின்ற சொர்ணத்திடம் ஓடிவந்தாள்.

"ஆத்தா, இவுகளுக்கெல்லாம் இன்னும் பேச்சு வரலையா?"

கணீரென்று, ஓர் எழுத்தும் சிதையாமல், முழுசாக வந்தது. இத்தனை வருஷமாகச் சொர்ணம் காத்துக்கிடந்தது அதற்குத்தான். கண்ணில் தண்ணீர் தளும்ப, மகளை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, அவசர அவசரமாக அவள் வாயைப் பொத்தினாள்.