ரெடி மேஸ்திரியும் பட்டாளத்துப் பம்பும்

யுத்த காலத்தில் ஜப்பான்காரன் சேலத்தின் மேல் ஒரு குண்டுகூடப் போடாமல் போனதற்கு ஒரே காரணம் ரெடி மேஸ்திரிதான். ஒரு மனிதர் இரும்புத் தொப்பியோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு, குட்டி போட்ட பூனை மாதிரி, 'இன்னும் வரலியா, இன்னும் வரலியா' என்று அலைந்துகொண்டிருந்தால் எந்த எதிரிக்குத்தான் அந்தப் பக்கம் வரத் தோன்றும்?

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் எனக்குத் தெரியாது. நான் நகரசபையில் குமாஸ்தாவாக இருந்தபோது அவர் தீயணைக்கும் கோஷ்டிக்கு மேஸ்திரி. கோஷ்டி என்றால் அவர், நான்கு ஆட்கள், ஒரு தண்ணீர் வண்டி, அதை இழுக்க ஒரு ஜோடி மாடு. எதைக் கேட்டாலும் "ரெடி" என்பார்.

"மேஸ்திரி, சாப்பிட்டாச்சா?"

"ரெடிங்க."

"உடம்புக்கு முடியலையாமே?"

"ரெடிங்க."

அவருடைய கல்யாணத்தில், பெண் மணவறைக்கு வருவதற்கு முன்பே தாலியைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து நின்றுவிட்டார் என்று சொல்வார்கள். நம்பலாம். சொந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். மனைவி அங்கே வெள்ளாமைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் இங்கே வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஊருக்கு வெளியே ராணுவ முகாம் போட்டிருந்தார்கள். அதன் கேப்டன் மதராஸ்காரர், நல்ல தமிழ் பேசுவார். விமானத் தாக்குதல் வந்தால் ஊர்க்காரர்கள் சமாளிக்க வேண்டும் என்று முகாமிலிருந்து சில சாமான்களை எங்களுக்கு இரவல் கொடுத்தார். பெட்ரோலில் ஓடுகிற, சக்கரம் வைத்த ஒரு பம்பு. கையால் சுற்றுகிற சைரன். இரும்புத் தொப்பிகள். விஷவாயு முகமூடிகள். ஒரு பட்டாளத்து டெலிபோன்.

அன்றிலிருந்து எங்களுக்கு நிம்மதி போயிற்று.

டெலிபோனின் ஒரு முனையை ஷெட்டிலும் மறுமுனையை என் மேஜையிலும் வைத்தார்கள். ஷெட்டும் ஆபீசும் ஒரே காம்பவுண்டு. மேஸ்திரி பேசுவது முதலில் ஜன்னல் வழியாகக் கேட்கும். அதற்கப்புறம்தான் டெலிபோனில் கேட்கும்.

"குமாஸ்தா சாமி, பொகை ஏதாச்சும் தெரியுதுங்களா?"

"இல்லை, மேஸ்திரி."

"நல்லா எட்டிப் பாத்துச் சொல்லுங்க."

"இல்லை என்கிறேனே!"

"செரிங்க. இன்னொருக்காக் கூப்பிடறேனுங்க." வைத்த சூடு ஆறுவதற்குள் மறுபடி மணி அடிக்கும்.

விஷவாயு முகமூடியைப் பழக வேண்டும் என்று அதை மாட்டிக்கொண்டு அதிகாலையில் கடைவீதியில் நடந்தார். எதிரே வந்த தயிர்க்காரி பார்த்தாள். பானையை அவர் தலையிலேயே போட்டுவிட்டு, குலதெய்வத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஓடினாள். மேஸ்திரிக்கு அதில் பரம சந்தோஷம். "ஒரு சொட்டு உள்ள போகலீங்க. வெள்ளக்காரன் செஞ்ச பொருளுன்னா பொருளுதானுங்க" என்று ஊரெல்லாம் சொன்னார். தயிர் புகாத இடத்தில் விஷவாயு எப்படிப் புகும் என்பது அவர் கட்சி.

பம்புதான் அவருக்கு உயிர். தினம் காலையில் அதைத் துடைத்து, எண்ணெய் விட்டு, கொஞ்ச நேரம் ஓட்டிப் பார்ப்பார். அது உறுமுகிற உறுமலில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு நின்றுவிடும். ஒருநாள் கேப்டன் வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "மேஸ்திரி, பெட்ரோல் இங்கே குடிதண்ணீர் இல்லை. இந்தப் பம்பு விமானத் தாக்குதலுக்கு மட்டும்தான். சைரன் ஊதாமல் இது ஷெட்டை விட்டு வெளியே வரக் கூடாது. புரிகிறதா?"

"ரெடிங்க."

அடுத்த வாரமே ஊர்க்கோடியில் ஒரு கூரை வீடு பற்றிக்கொண்டது. மேஸ்திரி பம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒரு காக்காய்கூட இல்லை. மாட்டு வண்டியைப் பூட்டிக்கொண்டு போனார்கள். போய்ச் சேர்ந்தபோது வீட்டுக்காரர் சாம்பலில் நின்று அண்டாவைத் தேடிக்கொண்டிருந்தார். அதற்கப்புறம் மேஸ்திரி பம்பைச் சுற்றிச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். "கட்டிப்போட்ட நாயாட்டம் இங்க நிக்குதுங்களே சாமி! இத்தனை தண்ணி அடிக்கிற மிசினு!" என்று என்னிடம் புலம்புவார். முகாமுக்கு நடந்தே போய் அனுமதி கேட்பார். காவல்காரச் சிப்பாய் இவரைத் தூரத்தில் பார்த்ததுமே கேட்டைச் சாத்திவிடுவான்.

பங்குனி வெயில் கொளுத்திக்கொண்டிருந்த ஒரு சந்தை நாள். மத்தியானம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒருவன் மூச்சு வாங்க ஓடிவந்தான். "நூல் கிடங்கு பத்திக்கிச்சு!"

அந்தக் கிடங்கை ஒட்டின சந்தில் வரிசையாக நெசவாளர் வீடுகள். எல்லாம் ஓலைக் கூரை. அதில் மூன்றாவது வீடு என் அக்காவுடையது. பிள்ளை பெற்றுப் பத்து நாள்கூட ஆகவில்லை.

நான் ஷெட்டுக்கு ஓடினேன். மேஸ்திரி பம்பின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அக்கா ஊடு அந்தச் சந்துதானுங்களே?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

அவர் சைரனின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். அது முனகி, அழுது, பிறகு ஊரே அதிர ஊளையிட்டது. பிறகு சைரனோடு பம்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, "இழுங்கடா!" என்று கத்தினார்.

இழுக்க ஆள் இருந்தால்தானே! சைரன் கேட்டால் பதுங்குகுழிக்குள் குதிக்க வேண்டும் என்று இவரே மாதக்கணக்கில் பழக்கியிருந்தார். நான்கு பேரில் இரண்டு பேர் அந்தப் பாடத்தை அப்பழுக்கில்லாமல் செய்து காட்டிவிட்டார்கள். மிச்சம் இருந்த இரண்டு பேரோடு நானும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இழுத்தேன். மேஸ்திரி வழிநெடுகச் சைரனைச் சுற்றிக்கொண்டே வந்தார்.

செவ்வாய்ப்பேட்டைச் சந்தைக் கூட்டத்தில் சாதாரணமாக ஒரு சைக்கிள் நுழைய முடியாது. நெருப்பு வேறு என்றால் வேடிக்கை பார்க்கிறவர்கள் சுவர் மாதிரி நின்றிருப்பார்கள். நாங்கள் திரும்பினபோது தெருவில் ஒரு ஈ, காக்காய் இல்லை. செருப்புகள் கிடந்தன. கத்தரிக்காய்க் கூடை கவிழ்ந்து கிடந்தது. ஒரு கன்னத்தில் மட்டும் சவரம் ஆன ஒருவர் நாவிதரைத் தேடிக் குரல் கொடுத்துக்கொண்டே ஓடினார். பம்பு தேர் மாதிரி நேராகப் போய்ச் சந்து முனைக் கிணற்றடியில் நின்றது. இதை மேஸ்திரி யோசித்துச் செய்தாரா என்றால், சத்தியமாக இல்லை. காலியான தெருவைப் பார்த்து அவரே, "எல்லாம் எங்கீங்க போயிட்டாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சந்துக்குள் இருந்தது. குழித்தறி நெய்கிற வீடுகள் அவை. நெசவாளி காலை விட்டுக்கொண்டு உட்காருகிற தறிக்குழி ஒவ்வொரு வீட்டிலும் உண்டு. சைரன் ஊதினால் அந்தக் குழிக்குள் இறங்கிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தவரும் இந்த மேஸ்திரிதான். சந்து முழுக்க ஜனங்கள் கதவைச் சாத்திக்கொண்டு குழிக்குள் உட்கார்ந்திருந்தார்கள். கிடங்கிலிருந்து பொறி பறந்து கூரைகளின் மேல் விழுந்துகொண்டிருந்தது.

மேஸ்திரியின் முகத்தில் நான் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன். ஒரு கணம்தான். பம்பைக் கிளப்பி, தண்ணீர்க் குழாயை என் கையிலும் ஆட்கள் கையிலும் திணித்தார். "கூரையை நனைங்க சாமி! கெடங்கு போனாப் போகுது, கூரையை நனைங்க!" என்று சொல்லிவிட்டு, புகைக்காக முகமூடியை மாட்டிக்கொண்டு சந்துக்குள் பாய்ந்தார்.

குழாய் என்னைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அதைப் பிடித்துக்கொண்டே பார்த்தேன். ஒவ்வொரு கதவையும் உதைத்துத் திறந்தார். உள்ளேயிருந்து அலறல் கேட்டது. முகமூடியைப் பார்த்தவர்கள் ஜப்பான்காரனே வந்து இறங்கிவிட்டான் என்று முடிவு செய்துவிட்டார்கள். முதல் வீட்டுக் கிழவர் நூல் சுற்றுகிற தார்க்குச்சியாலேயே இவரைக் குத்தினார். மேஸ்திரி முகமூடியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, இருமிக்கொண்டே கத்தினார்: "குண்டு இல்லீங்க! வெறும் நெருப்புதானுங்க! தைரியமா வெளிய வாங்க!"

அந்த மாதிரி ஓர் ஆறுதலை உலகத்தில் யாரும் யாருக்கும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் ஜனங்கள் நம்பி வெளியே வந்தார்கள்.

மூன்றாவது வீட்டுக் கூரை பற்றிவிட்டது. நான் தண்ணீரை அங்கே திருப்பினேன். கதவுப் பக்கம் ஒரே புகை. அதற்குள்ளிருந்து முதலில் மச்சான் வந்தார், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அக்கா வந்தாள். அவள் கை வெறுமையாக இருந்தது. நான் குழாயைப் போட்டுவிட்டு ஓட இருந்தேன். பின்னாலேயே மேஸ்திரி வந்தார். குழந்தையை மார்போடு அணைத்து, அதன் மேல் தன் இரும்புத் தொப்பியைக் குடை மாதிரி கவிழ்த்துப் பிடித்திருந்தார். தொப்பியின் மேல் கனல் விழுந்து டிக் டிக் என்று தெறித்தது. அவருடைய தலைமயிர் ஒரு பக்கம் கருகிப் போயிருந்தது. தொப்பிக்கு அடியில் குழந்தை கொட்டாவி விட்டது.

கிடங்கில் பாதி போயிற்று. சந்தில் இரண்டு கூரை. ஓர் உயிர் போகவில்லை.

மறுநாள் கேப்டன் விசாரணைக்கு வந்தார். பொய்யாகச் சைரன் ஊதுவது யுத்த காலக் குற்றம். மேஸ்திரியை ஜெயிலுக்கு அனுப்பலாம். கிணற்றடியில் ஊரே கூடிவிட்டது. கேப்டன் வாயைத் திறப்பதற்குள், "ஆகாசக்கப்பலை நான் பார்த்தேன்!" என்றார் முதல் வீட்டுக் கிழவர்.

"நானும் பாத்தேன். ரெண்டு வந்துச்சு" என்றாள் ஓர் அம்மாள்.

"நாலு!" என்றார் ஒரு கன்னத்தில் தாடியோடு நின்றவர்.

"எப்படி இருந்தது?" என்று கேட்டார் கேப்டன்.

"றெக்கையை அடிச்சுக்கிட்டே போச்சுங்க."

கேப்டன் மீசையைத் தடவிக்கொண்டார். அப்போது மேஸ்திரி முன்னால் வந்து, எங்கள் அத்தனை பேர் பாடுபட்டுச் சொன்ன பொய்யையும் ஒரே போடாகப் போட்டு உடைத்தார்.

"ஒண்ணும் வரலீங்க, எசமான். நாந்தானுங்க ஊதினேன். ஊதாம இது வெளிய வரக்கூடாதுன்னீங்க. இவங்க குழிக்குள்ள எறங்கினதும் என்னாலதானுங்க. என்னைய என்ன வேணாச் செய்யுங்க. பம்பை மட்டும் கொண்டுட்டுப் போயிராதீங்க."

கேப்டன் எரிந்த கூரையைப் பார்த்தார். அக்கா மடியிலிருந்த குழந்தையைப் பார்த்தார். "சைரனை எடுத்துக்கொண்டு போகிறேன். அது இனி இந்த ஆள் கைக்கு வரக் கூடாது" என்றார். ஜீப்பில் ஏறினவர், என்ன நினைத்தாரோ, திரும்பி, "பம்பு இருக்கட்டும். எந்த நெருப்பாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். இரண்டு நாளில் சைரனுக்குப் பதிலாக முகாமிலிருந்து ஒரு வெண்கல மணி வந்தது. மேஸ்திரி அடித்த அடியில் அதன் நாக்கு மூன்று தடவை கழன்று விழுந்தது.

யுத்தம் முடிந்தது. முகாமைக் கலைத்தார்கள். ஒருநாள் சாயங்காலம் பட்டாள லாரி வந்து பம்பைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிற்று. மேஸ்திரி கேட் வரைக்கும் கூடவே போய், லாரிக்காரச் சிப்பாயிடம், "காத்தால ஒருக்காச் சும்மா ஓட்டி வுடுங்க சாமி. இல்லீன்னா கோவிச்சுக்கும்" என்றார். அந்த வடக்கத்திச் சிப்பாய்க்கு ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனாலும் சலாம் வைத்தான்.

காலி ஷெட்டில் அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. வற்புறுத்தி அக்கா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சோறு போட்டாள். அவர் இரண்டு கவளம் தின்றார். அன்றைக்கு அவர் தொப்பிக்கு அடியில் கொட்டாவி விட்ட அக்காவின் மகள் ஓடிவந்து, அவர் தோளில் தொற்றிக்கொண்டு, அப்படியே தூங்கிப் போனாள்.

"படுக்க வெச்சரலாங்களா?" என்று என்னை மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம், மேஸ்திரி. கொஞ்ச நேரம் இருக்கட்டும்" என்றேன்.