மூங்கில் வீட்டுக்கு நாற்பது மூட்டைப் பட்டை

பேசாமல் இருப்பவனை ஊர் விவரமானவன் என்று நினைத்துக்கொள்ளும். அந்த ஒரு நினைப்பை வைத்தே இருபத்தாறு வயது வரைக்கும் ஓட்டிவிட்டேன். அப்புறம் ஒரு லாரி என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அறுபதுகளின் தொடக்கம். ரங்கூனில் மிங்கலா தாங்ஞுன்ட் பக்கம், ரயில் பாதையை ஒட்டி ஒரு பட்டறை. அங்கே எனக்கு லாரிப் பட்டை வேலை. வண்டிக்கு அடியில் வில் மாதிரி வளைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி இருக்குமே, அந்த இரும்புதான் பட்டை. பாரம் முழுக்க அதன்மேல்தான் உட்காரும். பாரம் கூடினால் பட்டையைக் கூட்ட வேண்டும். நான் படித்தது நாலாம் வகுப்பு. தெரிந்த சாத்திரம் இது ஒன்று. (இதுவும் பாதிதான் தெரியும் என்பது பிற்பாடு தெரிந்தது.)

எங்கள் பட்டறைக்கு வருவதெல்லாம் அரிசி லாரி. அதனால் எந்தப் பாரத்தையும் மூட்டையில்தான் சொல்வோம். ஒரு யானையைக் கொண்டுவந்து நிறுத்தினாலும் "முப்பது மூட்டை இருக்கும்" என்றுதான் சொல்லியிருப்பேன்.

சின்னையா மாமா பல் செட் கட்டுபவர். முறைக்கு மாமா, தூரத்துச் சொந்தம். ரங்கூன் பல்லை விட அவருக்குக் கிராமத்துப் பல்தான் அதிகம். பகோடா திருவிழா எங்கே நடந்தாலும் போய்க் கடை விரிப்பார். இந்த வருசம் வாயை அச்செடுத்து, அடுத்த வருசம் செட்டைக் கொண்டுபோய்க் கொடுப்பார். பர்மாக்காரர்கள் அவரை "ஸயா" என்று மரியாதையாகக் கூப்பிடுவார்கள். அவருக்குச் சொந்தப் பல் ஒன்றுகூடக் கிடையாது. தானே கட்டிய செட்டைத்தான் போட்டிருந்தார். போகிற வழியில் நாலு பேர் தெரிந்தால் போதும், வாயைத் திறந்து காட்டிச் சிரிப்பார். விளம்பரப் பலகை செலவு மிச்சம்.

அவருக்கு ஒரு மகள். மல்லிகா. தெருவில் பர்மிய வழக்கத்துக்கு "மா ஸபே" என்பார்கள், மல்லிகைதான் அதற்கும் பொருள். அவள் கன்னத்தில் தனக்கா மரச் சாந்து பூசிக்கொண்டு பட்டறையைக் கடந்து போகும்போதெல்லாம் நான் சம்மட்டியைத் தப்பான இடத்தில் அடித்திருக்கிறேன். இடது கட்டைவிரல் நகம் இன்றைக்கும் கோணல்தான்.

அந்த வருசம் மாமா ஒரு யோசனை செய்தார். சண்டைக்காலத்தில் விட்டுப்போன பழைய லாரி ஒன்றை வாங்கினார். அதன் முதுகில் ஒரு வீடு கட்டி வைத்துவிட்டால் எந்தத் திருவிழாவிலும் இடம் தேட வேண்டாம். உள்ளேயே படுக்கை, அடுப்பு, பல் பார்க்கும் நாற்காலி. அத்தையும் மல்லிகாவும்கூட வரலாம். வீட்டுக்குக் கோ ஆங் என்ற தச்சர். பட்டைக்கு நான்.

"கதிரு, வீடு ஆடக் கூடாது. என் செட்டெல்லாம் உள்ளே இருக்கும். முப்பத்தொரு பேர் ஒரு வருசமா கஞ்சி குடிச்சிக்கிட்டு இருக்காங்க" என்றார் மாமா.

"சரி மாமா."

"இந்தத் திருவிழா நல்லபடியா முடியட்டும். தை மாசத்துக்கு உங்க வீட்டுல பேசுவோம்."

எதைப் பேசுவோம் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. எனக்கு மட்டும் காது சூடாகிவிட்டது.

கோ ஆங் வீட்டைத் தரையில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார். போய்ப் பார்த்தேன். ஆள் உயரத்துக்கு மேலே ஒரு முழம். நீளம் பத்தடி. சுற்றி வந்தேன். தலையை ஆட்டினேன்.

"நாப்பது மூட்டை" என்றேன்.

கோ ஆங் சிரித்தார். "இல்லப்பா. சுவரெல்லாம் மூங்கில் பாய். சட்டம்தான் தேக்கு. நாலு பேர் தூக்கிடலாம்."

தச்சருக்குப் பாரம் என்ன தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். (அதைக் கட்டியதே அவர்தான். அது எனக்குத் தோன்றவில்லை.) பின்பக்கம் இரண்டு பக்கமும் தலைக்கு நாலு பட்டை கூடுதலாகப் போட்டேன். சோதனையும் செய்தேன். பக்கத்துக் கிடங்கில் கேட்டு நாற்பது அரிசி மூட்டையை ஏற்றி, மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து ஊரைச் சுற்றினேன். எண்ணெயில் போகிற மாதிரி போனது. மாமா கையில் டீ கிளாஸ். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"கைகாரன்டா நீ" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. விவரமானவன் பதில் சொல்ல மாட்டான்.

மறுநாள் மூட்டையை இறக்கிவிட்டு வீட்டை ஏற்றினோம். கோ ஆங் சொன்னபடி நாலு பேர்தான் தூக்கினார்கள். லாரி இறங்கவே இல்லை. பின்பக்கம் மேலே, மூஞ்சி கீழே.

"ஏன்டா இது சாமி கும்பிடுற மாதிரி நிக்குது?" என்றார் மாமா.

"ஜனம் ஏறினா இறங்கும் மாமா."

அத்தை ஏறினாள். மல்லிகா ஏறினாள். முப்பத்தொரு செட்டும் ஏறியது, ஒவ்வொன்றும் ஒரு தகர டப்பாவில், மூடியில் ஆளின் பெயர் எழுதி ஒட்டி. தண்ணீர் பீப்பாயைப் பின்வாசல் ஓரம் வைத்தோம். பல் அச்சுக்கான மாவு மூட்டைகளை ஈரம் படாமல் மேல் பரணில் ஏற்றினோம். லாரி ஒரு விரல்கூட இறங்கவில்லை. கோ ஆங் என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அப்போதே இரண்டு பட்டையைக் கழற்றியிருக்கலாம். அரை நாள் வேலை. ஆனால் மல்லிகா பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டதை நானே கழற்றினால் விவரம் என்னாவது? முகப்பில் பர்மிய வழக்கத்துக்குத் தபியே இலைக் கொத்து கட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்துக் கிளப்பிவிட்டேன். நாலு பழமும் நன்றாக நசுங்கின. சகுனம் நல்ல சகுனம்தான். பழத்தைச் சொல்லிக் குற்றமில்லை.

ஊருக்குள் மெதுவாகப் போனவரை ஒன்றுமில்லை. பெகு சாலையில் வேகம் எடுத்ததும் பின்னால் தடதடவென்று சத்தம். இரும்புக் கட்டிலை மாடிப்படியில் இழுத்துப் போகிற மாதிரி. இறுகிக் கிடந்த பட்டை ஒரு பள்ளத்தையும் வாங்கிக்கொள்ளவில்லை. சாலை கொடுத்ததை அப்படியே வீட்டுக்கு அனுப்பியது.

"என்னடா சத்தம்?" என்றார் மாமா.

"புதுப் பட்டை. பழகிடும்."

கிராமத்துக்குத் திரும்பும் மண் பாதையில் ஒரு சின்னப் பாலம். முன்னால் மாட்டுவண்டியில் பத்து பேர் திருவிழாவுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். மாமாவுக்குத் தொழில் நினைப்பு வந்துவிட்டது. சன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, வாயை முழுசாகத் திறந்து சிரித்தார்.

பாலத்தின் மேட்டில் சக்கரம் ஏறியது. லாரி உதைத்தது. குதிரை பின்னங்காலால் உதைக்குமே, அந்த உதை. நான் கூரையில் முட்டினேன். மாமாவின் பல் செட் வாயிலிருந்து கிளம்பி, வெயிலில் ஒருமுறை மின்னி, ஆகாயத்தாமரை மண்டிக்கிடந்த ஓடைக்குள் போய் விழுந்தது. வண்டிக்காரர்கள் கைதட்டினார்கள். வித்தை காட்டுகிறார் என்று நினைத்திருப்பார்கள்.

ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். பரணிலிருந்த மாவு மூட்டை விழுந்து வெடித்திருந்தது. பீப்பாய் சாய்ந்திருந்தது. அந்த வெள்ளைச் சேற்றில் அத்தை அடுப்பைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் முப்பத்தொரு பல் செட். வீடு முழுக்க யார் யாரோ சிரிக்கிற மாதிரி. டப்பாவெல்லாம் ஒருபக்கம். பெயர் எழுதிய மூடியெல்லாம் இன்னொரு பக்கம்.

"ஏன்டா கதிரு, பட்டை போட்டியா, பழி தீர்த்தியா? மூணு தடவ மண்டையில அடிச்சிது!" என்றாள் அத்தை.

மல்லிகாவின் முகத்தில் தனக்காவுக்கு மேலே மாவு. என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "அரிசி மூட்டைக்கு வலிக்காது. அதான் உங்களுக்குத் தெரியல" என்றாள்.

நான் ஓடையில் இறங்கினேன். ஒரு மணி நேரம் தேடினேன். ஒரு செருப்பு கிடைத்தது. ஒரு நண்டு கிடைத்தது. சரியாகச் சொன்னால், அதற்கு நான் கிடைத்தேன். பல் கிடைக்கவில்லை.

திருவிழாவில் ஆட்கள் காத்திருந்தார்கள். ஸயா இறங்கினார், வாயில் பல் இல்லாமல். பேசிப் பார்த்தார். காற்றுதான் வந்தது. கையால் என்னைக் காட்டினார். நீ போய்ப் பேசு என்று அர்த்தம். அன்றுவரை நான் சேர்ந்தாற்போல நாலு வார்த்தைக்கு மேல் பேசியவன் இல்லை.

மல்லிகா பானையில் வெந்நீர் வைத்து எல்லா செட்டையும் போட்டு எடுத்தாள். வாழை இலையில் பெரிது, நடுத்தரம், சிறிது என்று வரிசையாக அடுக்கினாள். நான் பெஞ்சில் ஏறி நின்று பர்மியத்தில் கத்தினேன். "பெயர் கலந்துவிட்டது! தப்பு என் மேல்! பொறுமையாகப் போட்டுப் பாருங்கள்! பொருந்தவில்லை என்றால் மறுபடி வெந்நீர்!" சாயங்காலம் வரை கத்தினேன். இருபத்தாறு வருசம் சேர்த்து வைத்ததெல்லாம் ஒரே நாளில் செலவானது.

பொரித்த பருப்பைக் கடித்துத்தான் சோதனை. ஒவ்வொரு வாயாகச் சரியானது. அச்செடுத்த கை நல்ல கை, சொந்தச் செட் வாய்க்குள் போனதும் 'டக்' என்று உட்கார்ந்துவிடும். தகராறு வந்தது ஒரே இடத்தில். ஊ போ என்ற படகுக்காரக் கிழவர், டோ மியா என்ற பாட்டி. அவள் வாயில் இருப்பது தன் செட் என்று அவர் சத்தம் போட்டார். அவளோ பாதித் தட்டுப் பருப்பைத் தின்று முடித்திருந்தாள்.

"உன் வாயில இருக்கிறதுல உனக்குக் கடிக்க முடியுதா?" என்று கேட்டாள்.

"முடியுது."

"எனக்கும் முடியுது. அப்புறம் எதுக்குக் கத்துற?"

கிழவர் யோசித்தார். பருப்புத் தட்டை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

கடைசியில் ஒரே ஒரு செட் மிச்சம். காட்டில் மரம் வெட்டும் கூப்பில் யானை ஓட்டும் ஒருவர் சொல்லிவைத்தது. ஆள் வரவில்லை. பெரிய தாடை, பெரிய பல். மாமா அதை எடுத்தார், கழுவினார், ஓரத்தை அரத்தால் ராவினார், போட்டுக்கொண்டார். உதடு மூடவில்லை. முகம் முழுக்கச் சிரிப்பாகிவிட்டது.

அப்போதுதான் அவருக்குப் பேச்சு வந்தது. கூட்டத்துக்கு நடுவில் என்னை நோக்கிக் கையை நீட்டி, எல்லோருக்கும் புரிய வேண்டுமே என்று பர்மியத்தில் கத்தினார்.

"இவனுக்கு என் மகளைக் கொடுக்க மாட்டேன்! செத்தாலும் கொடுக்க மாட்டேன்!"

வாய் காதுவரை கிழியச் சிரித்துக்கொண்டே சொன்ன மாதிரி இருந்தது. கூட்டமும் சிரித்தது. டோ மியா எழுந்து வந்து என் தோளைத் தட்டினாள். "நல்ல மாமனார் கிடைத்திருக்கிறார். கல்யாணம் எப்போது?" என்றாள். மாமா இன்னும் கோபமாகக் கத்தினார். இன்னும் பெரிதாகச் சிரித்தார். ஊ போ ஊறவைத்த தேயிலைக் கலவை ஒரு தட்டு வாங்கி வந்து, கல்யாணத் தாம்பூலம் கொடுக்கிற மாதிரி எங்கள் முன்னால் வைத்தார். மாமா அதைப் பார்த்தார். பல் போய் அரை நாள் ஆகிப் பசியும் இருந்தது. உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டார். பெரிய பல்லில் நன்றாக அரைபட்டது போலிருக்கிறது, அப்புறம் கத்தவில்லை. சம்மதம் என்றும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் லாரியை ஜாக்கியில் ஏற்றினேன். கூடுதல் பட்டை எட்டையும் கழற்றினேன். மல்லிகா வீட்டுக்குள் ஒரு பேசினில் தண்ணீர் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் மைதானத்தைச் சுற்றி ஓட்டினேன்.

"நேத்து குதிரை, இன்னிக்கிப் படகு!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "பக்கவாட்டுல ஆடுது!"

உயரமான வீடு. பட்டை குறைந்ததும் சாய்ந்து சாய்ந்து ஆடியது. பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பட்டையைத் திரும்பப் போட்டேன். வீடு காலியாகப் போகும்போது அவை முட்டாமல், பாரம் ஏறினால் மட்டும் தாங்கும்படி பழைய டயரை வெட்டி இடையில் கொடுத்தேன். பின் டயரில் கொஞ்சம் காற்றை இறக்கினேன்.

"இப்ப?"

"இப்பவும் வால் ஆட்டுது. இந்தப் பீப்பாய் ஏன் வாசல்ல நிக்குது? மாவு மூட்டை ஏன் தலைக்கு மேலே?"

நான் யோசித்தேன். யோசித்தது அதுதான் முதல் தடவை. பீப்பாயை உருட்டி, பின் அச்சுக்கு முன்னால், டிரைவர் முதுகுக்குப் பின்புறம் நிறுத்தினோம். மிச்சமிருந்த மாவு மூட்டையைத் தரையோடு தரையாகக் கிடத்தினோம். மறுபடி சுற்றினேன். உள்ளே சத்தமே இல்லை. பயந்துபோய் நிறுத்தினேன்.

கதவு திறந்தது. பேசினில் தண்ணீர் அப்படியே இருந்தது. "இது வீடு" என்றாள் மல்லிகா.

ரங்கூன் வரை மாமா டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். குடிக்கவில்லை, பார்த்துக்கொண்டே வந்தார். அந்தப் பாலத்தில் ஏறும்போது இன்னொரு கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வீடு ஒருமுறை மெல்லக் குனிந்து நிமிர்ந்தது, அவ்வளவுதான். டீ சிந்தவில்லை. மிங்கலா தாங்ஞுன்ட் வந்ததும் ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

"உங்க அப்பாவ வரச் சொல்லு" என்றார். சிரித்தாரா என்று கேட்காதீர்கள். அந்தப் பல்லில் யாருக்குத் தெரியும்?

பிற்பாடு தனக்குச் சரியாக ஒரு செட் கட்டிக்கொள்ளத்தான் நினைத்தார். அதற்குள் நாலைந்து கிராமத்தில் "சிரிக்கிற ஸயா" என்று பெயர் பரவிவிட்டது. யானைக்காரரும் கடைசிவரை வரவில்லை. அதையே போட்டுக்கொண்டு இருந்துவிட்டார்.

எங்கள் வீட்டில் நான் எதிலாவது அளவு மீறினால், குழம்பில் மிளகாயோ, பேரப்பிள்ளைக்குச் சொல்லும் புத்திமதியோ, மல்லிகா இன்றைக்கும் "ரெண்டு பட்டை கழட்டுங்க" என்பாள். மருமகள்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் திக்கித் திக்கித்தான் வரும். இந்த வாக்கியம் மட்டும் சுத்தமாக வரும்.

கூடத்தில் எங்கள் கல்யாணப் படம் மாட்டியிருக்கிறது. அந்தக் காலத்துப் படம், எல்லோரும் இழவு வீட்டுக்கு வந்த மாதிரி விறைப்பாக நிற்போம். மாமா ஒருவர் மட்டும் முப்பத்திரண்டு பல்லும் தெரிய நிற்பார். வருகிறவர்கள் பார்த்துவிட்டு, "பெண்ணைக் கொடுத்ததில் அவருக்கு எவ்வளவு சந்தோஷம்!" என்பார்கள்.

மல்லிகா என்னைப் பார்ப்பாள். நான் வானத்தைப் பார்ப்பேன்.